கப்பலுக்கு 143 மோட்: நெட் இல்லாத ஆறு மாதத்துக்கு ரிம்வேர்ல்டைக் கட்டிக்கொண்டு போவது எப்படி?

கேள்வி, 2025 மே 18

அண்ணா, ஜூன் 20 வாக்கில் கப்பல் ஏறுகிறேன், ட்ரெய்னி இன்ஜினியராக. ஆறு மாதம். கப்பலில் கிடைக்கும் நெட், வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பவே திணறும் என்கிறார்கள். லேப்டாப்பில் ரிம்வேர்ல்டு என்ற காலனி கட்டும் கேம் இருக்கிறது, ஸ்டீம் கடையின் வொர்க்ஷாப்பில் 143 மோட் (கேமில் ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் மாற்றங்கள்) சப்ஸ்கிரைப் செய்திருக்கிறேன். ஸ்டீமை ஆஃப்லைனில் போட்டால் எல்லாம் அப்படியே ஓடும், தனியாக பேக்கப் எதற்கு என்கிறான் நண்பன். அவன் சொல்வது சரியா?

மே 18, மாலை

ஓடும். ஆனால் அதை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகாதே.

வொர்க்ஷாப்பில் சப்ஸ்கிரைப் செய்த மோட் உன்னிடம் இருப்பதாகத்தான் தோன்றும். அதை வைத்திருப்பது ஸ்டீம். எழுதியவர் புதுப்பித்தால் உன் லேப்டாப்பில் இருப்பதும் மாறும். அன்சப்ஸ்கிரைப் செய்தால் ஃபோல்டரே போய்விடும். ஸ்டீம் ஓடாமல் கேமை நேராகத் திறந்தால் வொர்க்ஷாப் மோட் ஒன்றுகூடப் பட்டியலில் வராது. நடுக்கடலில் ஒருநாள் ஸ்டீம் லாகின் கேட்டு நின்றுகொண்டால், கேம் திறக்கும், 143 மோடும் திறக்காது.

அதனால் இப்போதே செய்ய வேண்டியது இது. ஸ்டீம் ஃபோல்டருக்குள் ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் வொர்க்ஷாப், அதற்குள் கன்டென்ட், அதற்குள் 294100. அது ரிம்வேர்ல்டின் எண். உள்ளே பெயர் எதுவும் இல்லாமல் எண்களாகவே 143 ஃபோல்டர் வரிசையாக நிற்கும். அத்தனையையும் கேம் இருக்கும் இடத்தில் உள்ள மோட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் காப்பி செய். அங்கே நீயாக வைத்ததை வொர்க்ஷாப் அப்டேட் தொடாது.

மே 18, இரவு 11 மணி

மாலையில் எழுதியது பாதிதான். மோட் ஃபைல்களை மட்டும் எடுத்துப் போனால் கப்பலில் 143 மோடையும் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். மற்ற மோட்கள் பல நம்பியிருக்கும் ஹார்மனி என்ற மோட் எல்லாவற்றுக்கும் மேலே, அடிப்படைக் கேமான கோருக்கும் மேலே வர வேண்டும். அதற்குப் பிறகு எது எதற்குக் கீழே என்பதை நீ மனப்பாடமாக வைத்திருக்க மாட்டாய்.

அந்த வரிசை வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோஸில் உன் யூசர் ஃபோல்டர், ஆப்டேட்டா, லோக்கல்லோ, லூடியன் ஸ்டுடியோஸ், ரிம்வேர்ல்டு பை லூடியன் ஸ்டுடியோஸ். (ஆப்டேட்டா மறைந்திருக்கும், ஹிட்டன் ஐட்டம்ஸைக் காட்டச் சொல்.) அதற்குள் கான்ஃபிக் என்று ஒன்று, சேவ்ஸ் என்று ஒன்று. கான்ஃபிக்கில் உள்ள மோட்ஸ்கான்ஃபிக் என்ற சின்ன ஃபைலில்தான் வரிசை முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு மோடிலும் நீ மாற்றிய செட்டிங்ஸும் அதே கான்ஃபிக்கில்தான். இரண்டு ஃபோல்டரையும் எடு.

மே 20

"இவ்வளவு எதற்கு, ஒரு கேம்தானே" என்று கேட்டிருக்கிறாய். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2022 அக்டோபரில் பயோடெக் என்ற கூடுதல் தொகுப்போடு கேமின் 1.4 வெர்ஷன் வந்தது. அப்போது 1.3-ல் எனக்கு ஒரு காலனி, கேம் கணக்கில் ஒன்பது ஆண்டு, நிஜக் கணக்கில் ஒரு முழு மழைக்காலம். எங்கள் ஊர் கம்பம் பக்கம். காற்றடித்து மரம் சாய்ந்தால் கேபிள் அறுந்து மூன்று நாளுக்கு நெட் இருக்காது. அந்த மூன்று மூன்று நாட்களில் வளர்ந்த காலனி அது. 61 மோட். அதில் ஒரு மோட் மலையாடு மாதிரி ஒரு விலங்கைக் கொண்டுவரும். என் காலனியின் பாலும் கம்பளியும் அந்த ஆடுகளை நம்பித்தான் இருந்தன. குட்டி போட்டால் பெயர் வைப்பேன். கடைசியாகப் பதினான்கு நின்றன.

1.4 வந்ததும் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து வைத்தேன். முடித்துவிட்டு எண்ணினால் 60 ஃபோல்டர். ஆட்டு மோடை எழுதியவர் அதற்கு முந்தைய வாரமே அதை எடுத்துவிட்டிருந்தார். அவருக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும், அது அவருடைய உரிமை. நான் ஒரு வாரம் பிந்திவிட்டேன்.

சேவ் ஃபைலைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில் எரர் வரிசையாக ஓடியது. பட்டியில் வேலி இருந்தது, தீவனத் தொட்டி இருந்தது, ஆடுகள் இல்லை. அந்த நிலையில் சேவ் செய்தால் அவை நிரந்தரமாகப் போய்விடும் என்று தெரிந்ததால் அப்படியே மூடிவிட்டேன். அந்த சேவ் ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மே 21

அதிலிருந்து கற்றுக்கொண்ட ஒன்று உனக்கு உதவும். சேவ் ஃபைலை நோட்பேடில் திறந்து பார். பெரிய ஃபைல், திறக்க நேரமாகும், பொறு. மேலேயே கேம் வெர்ஷன் எழுதியிருக்கும். அதற்குக் கீழே எந்தெந்த மோடோடு அந்த சேவ் எழுதப்பட்டது என்று அடையாளப் பெயர், வொர்க்ஷாப் எண், பெயர் மூன்றும் வரிசையாக வரும். இதைவிட நம்பகமான பட்டியல் வேறு கிடையாது. அதை வெட்டி ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வைத்துக்கொண்டு உன் ஃபோல்டர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடு. எனக்கு 60, 61 என்று வந்தது இப்படிப் பார்த்தபோதுதான்.

எந்த எண் எந்த மோட் என்று தெரியவில்லையா? ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அபவுட் என்று ஒன்று இருக்கும். அதில் உள்ள அபவுட் ஃபைலில் பெயர், எழுதியவர், எந்த வெர்ஷன்களுக்கு ஓடும், வேறு எதை நம்பி இருக்கிறது எல்லாம் எழுதியிருக்கும். உதாரணமாக 2009463077-ஐத் திறந்தால் ஹார்மனி. நான் ஃபோல்டர் பெயரிலேயே எண், பெயர், தேதி மூன்றையும் சேர்த்துவிடுவேன். மோட்ஸ் ஃபோல்டரில் ஃபோல்டரின் பெயர் எதுவாக இருந்தாலும் கேமுக்குக் கவலையில்லை, அது பார்ப்பது உள்ளே இருக்கும் அடையாளப் பெயரைத்தான்.

மே 27

பென்டிரைவில் இடம் போதவில்லை என்கிறாய். 6 ஜிபி மோட், 8 ஜிபி காலி இடம், அப்படியும் நிரம்பிவிட்டது. பென்டிரைவில் கோளாறு ஒன்றுமில்லை.

மோட் என்பது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களின் மூட்டை. ஒரு செடியின் படம் 9 கேபி, ஒரு வசனக் கோப்பு 2 கேபி, இப்படி. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸில் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்தால், ஃபைல்களை வைக்கத் தானாக அது எடுக்கும் கட்டம் 128 கேபி. 2 கேபி ஃபைலும் ஒரு முழுக் கட்டத்தை அடைத்துக்கொள்ளும், அரைப்படி அரிசிக்கு ஒரு குதிர் ஒதுக்கியது மாதிரி. என் மோட் ஃபோல்டரில் 41,000 ஃபைல். குட்டி ஃபைல்களுக்கு மட்டுமே 5 ஜிபி போய்விடுகிறது. ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார், சைஸ் ஒன்று காட்டும், சைஸ் ஆன் டிஸ்க் வேறொன்று காட்டும்.

ஜிப் செய்துவிடு. இடமும் மிச்சம், காப்பி ஆகும் நேரமும் மிச்சம். 41,000 ஃபைலைத் தனித்தனியாக அனுப்பினால் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது.

மே 27, சற்று நேரம் கழித்து

143-ஐயும் ஒரே ஜிப்பாகக் கட்டாதே! மோடுக்கு ஒரு ஜிப். பென்டிரைவில் ஒரு இடம் பழுதானால் ஒரு மோட் போகும், மற்ற 142 நிற்கும். கட்டி முடித்ததும், ஜிப் செய்யும் மென்பொருளான செவன்ஜிப்பில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் உண்டு, அதை அழுத்தி எல்லாம் சரியாகப் பிரிகிறதா என்று பார்.

பென்டிரைவ் மட்டும் போதாது. எஞ்சின் ரூம் வெக்கை, உப்புக்காற்று, ஆட்டம் எல்லாம் இருக்கும். லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வீட்டில் அம்மாவிடம் ஒரு டிஸ்கில் ஒன்று.

ஜூன் 2

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பழைய சிடி பவுச் ஞாபகம் வந்து பரணில் ஏறி எடுத்தேன்.

2006-ல் எங்கள் ஊர் ப்ரௌசிங் சென்டரில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஜிடிஏ வரிசை கேமான வைஸ் சிட்டி இருக்கும். மணிக்கு 20 ரூபாய். அங்கே வேலை பார்த்த அண்ணன் ஒருவர் எங்கிருந்தோ மோட்களை இறக்கி, பைக்கை நம் ஊர் பைக்காக மாற்றி வைத்திருப்பார். நாங்கள் கெஞ்சிக் கேட்டால் வெற்றுச் சிடி வாங்கி வரச் சொல்லி எழுதிக் கொடுப்பார். மார்க்கரில் "பைக் 1", "பைக் 2", "வீடு" என்று எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்து அப்படியே இருக்கிறது. சிடியின் மேல்பூச்சு ஓரத்தில் உரிந்துவிட்டது. நான்கில் ஒன்றைத்தான் டிரைவ் படித்தது. "வீடு" மட்டும் வந்தது. உடனே ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டேன்.

அந்தக் காலத்து மோட்கள் இணையத்திலும் நிலையாக இல்லை. 2012 ஜனவரியில் மெகாஅப்லோட் என்ற ஃபைல் பகிரும் தளத்தை மூடியபோது அங்கே மட்டும் வைத்திருந்தவை ஒரே நாளில் போயின. 2021-ல் ஜிடிஏவை வெளியிடும் டேக்-டூ நிறுவனம் சட்டப்படி கேட்டு, பழைய ஜிடிஏ மோட்கள் பலவற்றை மோட்டிபி தளத்திலிருந்து எடுக்க வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் நெக்ஸஸ் மோட்ஸ் என்ற மோட் தளம் நேர்மாறாகப் போனது. இனி எழுதியவர்களால் ஃபைலை முழுவதுமாக அழிக்க முடியாது, ஆர்க்கைவில் தள்ளத்தான் முடியும் என்றார்கள். எழுதியவர்கள் பலர் கோபத்தில் வெளியேறினார்கள். எனக்கு அப்போது நெக்ஸஸ் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இராப்பகலாக எழுதிய ஒருவருக்கு, தன்னுடையதை எடுத்துக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். ஏற்கெனவே இறக்கிய என்னைப் போன்றவன் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது அதைத் தடுக்காது.

ஜூன் 9

ஒத்திகை பார்க்கச் சொன்னேன், பார்த்தாயே, அதுவே பெரிய விஷயம். வைஃபையை அணைத்து, ஸ்டீமை மூடி, கேமை நேராகத் திறந்தாய். 143-ல் 141 வந்தது. இரண்டு சிவப்பு.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அந்த இரண்டையும் நீ வொர்க்ஷாப் ஃபோல்டரிலிருந்து காப்பி செய்யவில்லை, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து எடுத்திருக்கிறாய். பச்சை கோட் பட்டனை அழுத்தி ஜிப் எடுத்திருக்கிறாய். அதில் பல நேரம் மூல நிரல் மட்டும்தான் இருக்கும். கேமுக்கு வேண்டியது அசெம்ப்ளீஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டிஎல்எல், அதாவது அந்த நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றிய ஃபைல். அதே பக்கத்தின் வலப்புறம் ரிலீஸஸ் என்று இருக்கும், அதிலிருந்து எடு. நெட் இருக்கும்போதே இது தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

இன்னொன்று. ரிம்வேர்ல்டைத் திறக்கும் ஷார்ட்கட்டில் சேவ்டேட்டாஃபோல்டர் என்ற கட்டளையைச் சேர்த்தால், கான்ஃபிக்கும் சேவும் நீ சொல்லும் இடத்திலேயே உட்காரும். கேம், மோட்ஸ், சேவ்ஸ் மூன்றையும் "கப்பல்" என்ற ஒரே ஃபோல்டருக்குள் வைத்துவிடு. பிறகு பேக்கப் என்பது அந்த ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்வதுதான். மே 18 இரவு எழுதியபோதே இதைச் சொல்லியிருந்தால் ஆப்டேட்டாவுக்குள் உன்னை அலையவிட்டிருக்க வேண்டாம்.

ஜூன் 14

முன்பு ஒருவருக்கு "ஏறும் முந்தின நாள் எல்லாவற்றையும் கடைசி வெர்ஷனுக்கு அப்டேட் செய்து எடு" என்று சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன்.

2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட்களில் ஃப்ராக்ச்சரைசர் என்ற வைரஸ் நுழைந்தது. சிலருடைய கணக்குகளைப் பிடித்து, அவர்கள் பெயரிலேயே ஏற்றியிருந்தார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஸ்லே தி ஸ்பயர் கேமின் டவுன்ஃபால் மோடுக்கும் அதே கதி. இரண்டிலும் மாட்டியது, அந்த நேரத்தில் புதிதாக இறக்கியவர்களும் அப்டேட் செய்தவர்களும்தான். கடைசி நாளில் கண்ணை மூடிக்கொண்டு அப்டேட் செய்தால் அதைத் திருப்பி மாற்ற உன்னிடம் நெட் இருக்காது.

ஒரு வாரம் முன்பே எடு. அந்த வாரம் முழுக்க அதே தொகுப்பில் விளையாடு, வைரஸ் ஸ்கேன் ஓட்டு, அதையே கொண்டு போ. இன்று ஜூன் 14. உன் கணக்குப்படி இன்று நிறுத்த வேண்டிய நாள்.

ஜூன் 15

கப்பலில் மற்ற பையன்களுக்கும் காப்பி கொடுக்கலாமா என்று கேட்டாய். கேமையே கொடுப்பது கூடாது, அது உனக்கே தெரியும். மோட் விஷயத்தில் எழுதியவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று பார். ஹார்மனி, யாரும் பகிர அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். சிலர் "மறுபடி ஏற்றாதீர்கள்" என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். அவர்கள் சொன்னதை மதி. ஒன்றும் எழுதவில்லை என்றால் இப்போதே மெசேஜ் போட்டுக் கேள். பெரும்பாலும் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

இதை எழுதியதும் ஒரு கேள்வி எனக்கே வந்தது. ஆட்டு மோடை எழுதியவரிடம் நான் ஏன் இதுவரை கேட்கவில்லை? மூன்று ஆண்டு ஆகப் போகிறது. எடுத்துவிட்டார் என்றதும் கதவு சாத்தியதாகவே நினைத்துக்கொண்டேன். இன்று அவருக்கு எழுதினேன். எந்தக் காலனி, எத்தனை ஆடு, என் டிஸ்கைத் தாண்டி வெளியே போகாது, எல்லாம் சொல்லி.

ஜூன் 19

நல்லபடியாகப் போய் வா தம்பி. சார்ஜர் எடுத்துக்கொண்டாயா? மவுஸ்?

ஜூலை 12

நேற்று ரிம்வேர்ல்டு 1.6 வந்தது, ஒடிஸி என்ற கூடுதல் தொகுப்போடு. தம்பி கடலில் இருக்கிறான், அவன் லேப்டாப்புக்கு இது தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதே.

என் லேப்டாப்பில் என்ன நடந்தது என்று பதிந்து வைக்கிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஆகும். ஸ்டீமில், கேமின் பழைய வெர்ஷன்கள் கிடைக்கும் பீட்டாஸ் பகுதிக்குப் போய் 1.5-ஐத் தேர்ந்தெடுத்தேன். கேம் பழையதிலேயே நின்றது. மோட்கள் நிற்கவில்லை. வொர்க்ஷாப் எனக்குக் கொடுப்பது எப்போதும் புதியதைத்தான். ஃபோல்டருக்குள் 1.4, 1.5, 1.6 என்று தனித்தனி ஃபோல்டர் வைத்திருப்பவர்களின் மோட் எதிலும் ஓடும், நல்ல மனசுக்காரர்கள். சிலர் சைஸைக் குறைக்கப் பழையதை எடுத்துவிட்டார்கள். என்னிடம் உள்ள 88-ல் இன்று காலை ஐந்து அப்படி. ஐந்துக்கும் ஜூன் மாத ஜிப்பைப் பிரித்து மோட்ஸ் ஃபோல்டரில் வைத்தேன். ஓடியது.

புதிய வெர்ஷனை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிய காலனியை அதில் தொடங்கப் போகிறேன். பழைய காலனி பழைய வீட்டிலேயே இருக்கட்டும்.

செப்டம்பர் 7

தம்பி ஏதோ துறைமுகத்தில் நெட் கிடைத்து எழுதியிருக்கிறான். லேப்டாப் ஒருமுறை விண்டோஸே ஏறாமல் போய், இரண்டாம் இன்ஜினியர் மறுபடி இன்ஸ்டால் செய்து கொடுத்தாராம். பென்டிரைவிலிருந்து "கப்பல்" ஃபோல்டரை இழுத்துப் போட்டு, ஸ்டீம் இல்லாமலே திறந்தானாம். வரிசை, செட்டிங்ஸ், 143 மோட் எல்லாம் இருந்தன. சேவ் மட்டும் பதினொரு நாள் பழையது.

சேவ் ஃபைலைத் தனியாக வாரம் ஒருமுறை பென்டிரைவுக்கு எடு என்று நான் சொல்லவே இல்லை. மோட் மாறாது, சேவ் தினமும் மாறும். இரண்டுக்கும் ஒரே பேக்கப் முறை பொருந்தாது. அவனுக்கு எழுதிவிட்டேன்.

அக்டோபர் 19

பதில் வந்துவிட்டது.

ஆட்டு மோடை எழுதியவர். நான்கு மாதம் கழித்து. அந்தக் கணக்கை அவர் திறப்பதே அரிதாம். வேலை கிடைத்த பிறகு, பிழை சொல்லி வரும் மெசேஜ்களுக்குப் பதில் எழுத முடியாமல் மனசு கனத்துப் போய் எடுத்துவிட்டாராம். 1.3-க்கான கடைசி ஜிப்பை இணைத்திருந்தார். "வெளியே ஏற்ற வேண்டாம், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஆடுகளின் படம் அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தார்.

அக்டோபர் 19, இரவு

பீட்டாஸில் 1.3-ஐ எடுத்தேன். 2022-ல் காப்பி செய்த 60 ஃபோல்டர். வரிசையை சேவ் ஃபைலின் தலைப்பகுதியிலிருந்து எடுத்தேன். 61-வதாக அந்த ஜிப்.

லோட் ஆக நான்கு நிமிடம் பிடித்தது. சிவப்பு எழுத்து ஒன்றுகூட வரவில்லை. பட்டியின் வடக்கு மூலையில் பதினான்கும் படுத்திருந்தன. கேம் கணக்கில் அது பனிக்காலம், விடிவதற்கு முன். ஒன்று மட்டும் எழுந்து தீவனத் தொட்டிக்குப் போனது. பெயரைப் பார்த்தேன், செவலை.

படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டேன். ஜிப் மூன்று இடத்தில் இருக்கிறது.